விபூதி வைத்த ஆஷ்ட்ரே

என் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. என் கணவர் முரளிக்கு, பக்கத்தில் யாராவது பீடி பிடித்தாலே தும்மல் வரும். அப்படிப்பட்ட எங்கள் சேலையூர் ஃபிளாட்டில் ஒரு காலத்தில் இருபத்து மூன்று ஆஷ்ட்ரேக்கள் இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். (நான் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் என் தங்கை தாரணி ஊரெல்லாம் சொல்லிவிடுவாள்.)

எல்லாம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆரம்பித்தது. பழைய சாமான்கள் பரப்பிய தார்ப்பாயில் கனமான பித்தளை ஆஷ்ட்ரே ஒன்று கிடந்தது. விளிம்பில் சிகரெட் வைக்க மூன்று பள்ளம், சுற்றிலும் தாமரை வேலைப்பாடு. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாக்கா, வூட்ல யாரு தம்மு அடிக்கிறது?"

"யாரும் இல்லைண்ணா. அழகுக்கு."

"அழகுக்கா?" என்று அவர் பக்கத்துக் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கே நான் திருந்தியிருக்க வேண்டும்.

திருந்தவில்லை. வாராவாரம் கண்ணாடி, பீங்கான், மரம் என்று வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. ஒன்றில் சோப்பு, ஒன்றில் சாவி, ஒன்றில் கள்ளிச்செடி. ஒருநாள் தேங்காய்ச் சட்னியையும் ஒன்றில் ஊற்றி வைத்தேன். முரளி இட்லிக்குச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போனார்.

அந்த முதல் பித்தளைக்கு மட்டும் உயர்ந்த இடம். புளி போட்டுத் தேய்த்து, விபூதி கொட்டிப் பூஜை அலமாரியில் வைத்தேன்.

"ஏண்டி, எவனோ சிகரெட் தட்டுனதுல விபூதியா?" என்றார் அம்மா.

"அதுவும் சாம்பல், இதுவும் சாம்பல்தானேம்மா." (எவ்வளவு அறிவு பாருங்கள்.)

இந்த நேரத்தில்தான் தாரணிக்கு வரன் வந்தது. ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. பொழிச்சலூரில் அப்பா வீட்டுக்கு நேர் மேலேயே விமானம் இறங்கும். அந்தச் சத்தத்தில் பேச்சு பாதிப்பாதியில் நின்றுபோனதால்தான் வந்தவர்கள் மனம் மாறினார்கள் என்பது அப்பாவின் ஆராய்ச்சி. அதனால் இந்த முறை பெண் பார்க்கும் படலம் எங்கள் வீட்டில் என்று முடிவானது.

தாரணி முதல்நாளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எனக்கு தினேஷை ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்த ஆஷ்ட்ரே எல்லாத்தையும் லாஃப்ட்ல போடு. புகை புடிக்கிற குடும்பம்னு நினைச்சு ஓடிடுவாங்க. இது மட்டும் கெட்டுச்சு, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

இருபத்திரண்டை லாஃப்ட்டில் ஏற்றினேன். பித்தளையை மட்டும் விட்டுவிட்டேன். அதில்தான் நிறைய விபூதி இருக்கிறதே, யாருக்குத் தெரியப்போகிறது? கிளம்பும்போது கொடுக்க வசதியாக, குங்குமச் சிமிழோடு பால்கனிக் கதவுக்குப் பக்கத்து ஸ்டூலில் எடுத்து வைத்தேன்.

தினேஷ் தன் அப்பா அம்மாவோடு வந்தான். அவன் அம்மாவின் நெற்றியில் மூன்று பட்டை விபூதி. கேசரியை வாயில் வைத்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்க வீட்டுக்காரரும் ஒரு காலத்துல பெட்டி பெட்டியா ஊதுனவர்தான். பழநிக்குச் செருப்பில்லாம நடந்து வர்றேன்னு வேண்டிக்கிட்டேன். பதினஞ்சு வருஷமாச்சு, தொடல. அதனால புகை புடிக்கிற வீட்டுல மட்டும் சம்பந்தம் வேண்டாம்னு இருக்கேன்."

நாங்கள் பயபக்தியோடு தலையாட்டினோம். தினேஷின் அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் அவர், "ஒரு போன்" என்று எழுந்தார். ஸ்டூலருகே நின்றார். ஆஷ்ட்ரேயைப் பார்த்தார், அதில் இருந்த சாம்பலைப் பார்த்தார், பிறகு முரளியைப் பார்த்துக் கண்ணடித்தார். முரளியும் பதிலுக்குக் கண்ணடித்தார். (ஏன் என்று கேட்டால், "பெரியவர் அடிச்சாரு, மரியாதைக்குத் திருப்பி அடிச்சேன்" என்று இன்றுவரை சொல்கிறார்.) அவர் ஆஷ்ட்ரேயைக் கையோடு எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சூரியனைப் பார்த்து விபூதி பூசிக்கொள்ளும் வழக்கம் போலிருக்கிறது, என்ன பக்தியான குடும்பம் என்று நான் மெய்சிலிர்த்தேன்.

திரும்பி வந்து, எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார்.

பேச்சு நல்லபடியாக முடிந்தது. "அடுத்த வாரம் பூ வைக்க வர்றோம்" என்று தினேஷின் அம்மா எழுந்தார். தாரணியின் முகம் மலர்ந்தது. நான் ஓடிப்போய் ஆஷ்ட்ரேயை நீட்டினேன். அவர் மூன்று விரலால் அள்ளி நெற்றி நிறைய இழுத்துக்கொண்டு, மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

முகம் மாறியது. விரலை முகர்ந்தார்.

"இதுல சிகரெட் வாசனை வருதே?"

பொழிச்சலூராக இருந்தால் ஒரு விமானமாவது வந்து காப்பாற்றியிருக்கும். எல்லாரும் முரளியைப் பார்த்தார்கள். "ஐயோ, எனக்குப் புகைன்னாலே தும்மல்..." என்று ஆரம்பித்தவர் நிஜமாகவே தும்மினார்.

அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் வாயைத் திறந்தேன். "தப்பா நினைக்காதீங்க ஆன்ட்டி. இது ஆஷ்ட்ரேதான். ஆனா நல்லா கழுவுனது. லாஃப்ட்ல இன்னும் இருபத்திரண்டு இருக்கு, வேணா ஒண்ணொண்ணா எடுத்து மோந்து பாருங்க!"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் தினேஷின் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. விபூதியை விரலால் கிளறினார். கறுப்புத் துணுக்குகள் மேலே வந்தன. மெல்லத் திரும்பி, கணவரின் சட்டைப்பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையை உருவினார். அதற்குள் இரண்டு சிகரெட் துண்டுகள்.

"ரெண்டே ரெண்டுதான்..." என்றார் அவர்.

"செருப்பில்லாம நடந்தேனே!" என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான். கிளம்பிவிட்டார்கள்.

மூன்று நாள் போன் வரவில்லை. தாரணி என்னோடு பேசவில்லை. ஒரு பித்தளைக் கிண்ணத்துக்கு ஆசைப்பட்டுக் கூடப்பிறந்தவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று அழுதேன். இருபத்திரண்டையும் மூட்டை கட்டி, வாங்கிய கடையிலேயே கொண்டுபோய்ப் போட்டேன். ("இன்னாக்கா, அழகு போதுமா?" என்றார் அவர்.)

நாலாம் நாள் தினேஷின் அம்மா கூப்பிட்டார். "பதினஞ்சு வருஷமா எங்க வீட்டுல கண்டுபிடிக்க முடியாததை உங்க வீட்டுல ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சுட்டேன். எனக்கு இந்தச் சம்பந்தம்தான் வேணும். ஆனா ஒண்ணு. சீர்வரிசையில முதல்ல அந்த ஆஷ்ட்ரே வரணும்."

வந்தது. இன்று அவர்கள் பூஜையறையில் அதில்தான் விபூதி. சம்பந்தியாகிவிட்ட தினேஷின் அப்பா தினமும் காலையில் அதைத் தொட்டுத்தான் பூசிக்கொள்ள வேண்டும்.

போன மாதம் தாரணியின் மகளுக்குக் காது குத்தினோம். திருநீர்மலையில் வைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்திதான் பிடிவாதம் பிடித்தார். பெருமாள் கோயில், துளசியும் தீர்த்தமும்தான் கொடுப்பார்கள், விபூதிப் பேச்சே கிடையாது. எல்லாம் முடிந்து படியிறங்கி, வேன் பக்கத்தில் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார்.

சம்பந்தியம்மா கைப்பையைத் திறந்து பித்தளை ஆஷ்ட்ரேயை வெளியே எடுத்தார். நாங்கள் வரிசையாக வந்து, வழக்கம்போல் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுப் பூசிக்கொண்டோம்.