கால் மைல் மன்றம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த எந்திரங்களுள் தலைசிறந்தது செயற்குழு. அதற்கு எரிபொருள் வேண்டாம். புகை விடாது. எவ்வளவு உழைத்தாலும் இருந்த இடத்தை விட்டு அசையாது. இப்பேர்ப்பட்ட எந்திரத்தைக் கேவலம் ஒரு டீசல் எஞ்சினோடு சேர்த்துப் பூட்டிய பெருமை, ஸ்டுட்கார்ட்டில் வசிக்கும் கிறிஸ்தோப்பருக்கே உரியது. பாவம், அவர் தெரிந்து செய்யவில்லை.

கிறிஸ்தோப்பர் யாழ்ப்பாணத்துக்காரர். லொறி திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை. 2006ஆம் ஆண்டு, நாடு திரும்பிய ஓர் அமெரிக்கச் சிப்பாய், கப்பலில் ஏற்றினால் கட்டுப்படியாகாது என்று தன்னுடைய பிக்கப் டிரக்கை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். அதன் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்த கணத்திலிருந்து அவருக்கு ஒரே ஆசைதான். நகருக்கு வெளியே, பழைய இராணுவ விமானத் தளத்தில் கோடைதோறும் கால் மைல் ஓட்டம் நடக்கும். பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டிரண்டு வண்டியாகப் புறப்பட வேண்டும், வளையாமல் திரும்பாமல் போய்க் கோட்டைத் தாண்ட வேண்டும். அதில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் வண்டியை முழு வேகத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். பதினெட்டு வருட ஜெர்மன் வாழ்க்கையில் அவர் போன இடமெல்லாம் இலக்கம் எடுத்து, ரேர்மின் என்ற முன்பதிவு நேரம் வாங்கி, கதிரையில் காத்திருந்து போன இடங்கள்தான். ஒரு இடத்துக்காவது நேரே போக வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது.

ஒரு குளிர்காலம் முழுக்க வண்டியோடு மல்லுக்கட்டினார். டர்போவைப் பெரிதாக்கினார். அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர வைக்கும் பெட்டியையும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் மாற்றினார். புகைக்குழாயைத் தடையில்லாமல் திறந்துவிட்டார். முதல் நாள் முடுக்கியபோது பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மையாரின் வெள்ளைப் பூனை கறுப்பாக மாறி வீட்டுக்குப் போனது. அம்மையார் அதை யாருடைய பூனையோ என்று துரத்திவிட்டார்.

அடுத்தது எடை. உதிரிச் சக்கரம், ரேடியோ, தரைவிரிப்பு, கதவின் உள்தட்டி எல்லாம் கழன்றன. கழன்ற பின்சீட்டு வரவேற்பறையில் சோபாவாக அமர்ந்தது. வந்தவர்கள் இடுப்பில் பட்டியைப் போட்டுக்கொண்டு தேநீர் குடித்தார்கள்.

“ஒருக்கா ஓடிப்போட்டு இந்தப் பைத்தியத்தை முடிச்சுப்போடுங்கோ” என்றாள் மனைவி கொறற்றி. “இல்லாட்டி அடுத்ததா என்னைத்தான் கழட்டுவியள்.”

எல்லாம் தயார். அப்போதுதான் ஓட்டத்தை நடத்துபவர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். தனி ஆளுக்கு அனுமதியில்லை, பதிவு செய்த சங்கத்தின் பெயரில்தான் வர வேண்டும். ஜெர்மனியில் சங்கம் பதிவு செய்வதென்றால் ஏழு பேர் வேண்டும். கிறிஸ்தோப்பருக்கு ஆறு பேர் குறைந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில் எழுந்து நின்று, “ஒரு சங்கம் தொடங்கப் போறன், ஆர் வாறியள்?” என்று கேட்டார்.

“என்ன பதவி?” என்று ஆறு பேர் எழுந்தார்கள்.

இப்படியாக, ‘அகில ஐரோப்பியத் தமிழ் டீசல் விரைவோட்ட மன்றம்’ உதயமாயிற்று. தலைவர் எமில் அண்ணை. இதற்கு முன் நான்கு சங்கங்களுக்குத் தலைவராக இருந்து, நான்கையும் எட்டாகப் பெருக்கிய அனுபவசாலி. செயலாளர் சுந்தரராஜன், தமிழ்நாட்டிலிருந்து வந்த மென்பொருள் பொறியாளர். பூசைக்கு வருவதில்லை, பூசைக்குப் பிறகு பரிமாறும் மீன் ரோல்ஸுக்குத் தவறுவதில்லை. பொருளாளர் யோசப்பின் அக்கா. மற்ற மூவரும் உப, துணை, இணை. ஏழாவது ஆளுக்குப் பதவி மிஞ்சவில்லை.

“நீர்தானே தம்பி ஓட்டப் போறீர்?” என்றார் எமில் அண்ணை. “பிறகென்னத்துக்குப் பதவி?”

அந்த நியாயத்தைக் கிறிஸ்தோப்பர் மனதார ஏற்றுக்கொண்டார். அவருக்கு வேண்டியது கால் மைல்தான்.

மன்றம் வாரந்தோறும் கூடியது. “பர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ் ஆகணும்னா வீக்லி ரிவ்யூ கண்டிப்பா வேணும்” என்று சுந்தரராஜன் வலியுறுத்தியதால் வண்டியும் வாரந்தோறும் மண்டப வாசலுக்கு வந்து நின்றது.

“எவ்வளவு நேரம் ஓடும்?” என்று தலைவர் கேட்டார்.

“பதினாலு செக்கன் வரும் அண்ணை.”

சபை அதிர்ந்தது.

“பதினாலு செக்கனுக்குள்ள விளக்கேத்தி, வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை எல்லாம் எப்பிடித் தம்பி முடிக்கிறது? கொஞ்சம் ஆறுதலா ஓடேலாதோ?”

“ஓட்டத்துக்கு முன்னால பேசுங்கோவன்” என்று கிறிஸ்தோப்பர் கெஞ்சினார். பெருந்தன்மையோடு இசைந்தார்கள். அதற்கான குத்துவிளக்கு, ஒலிபெருக்கி, பொன்னாடைகள், ஒரு பெட்டி நிறையக் கேடயங்கள், தலைவருக்குக் கைபிடி வைத்த கதிரை எல்லாம் வண்டியில் ஏறின.

“பின்சீட்டைக் கழட்டினது எவ்வளவு நல்லதாப் போச்சு” என்று யோசப்பின் அக்கா பாராட்டினார். “சாமான் வைக்க இடம் வந்திட்டுது.”

பிறகு பதாகை வந்தது. நிர்வாகிகள் அறுவரின் வண்ணப் படங்கள், முன்கண்ணாடி நிறைய.

“எனக்கு ரோட்டுத் தெரியோணுமே அண்ணை!”

“ஏன்? ஓட்டம் நேராத்தானே? வளைவு ஒண்டும் இல்லையெல்லோ? பிறகேன் பாக்கோணும்?”

இரண்டு கூட்டங்கள் மன்றாடி, ஓட்டுகிற பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஓட்டை பெற்றார். அது அவர் ‘கோரிக்கையின்’ பேரில் வழங்கப்பட்டதாக அறிக்கையில் பதிவாயிற்று.

ஓட்ட நாள் வந்தது. புதியவர்களுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. வரிசையைத் தவறவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கிறிஸ்தோப்பர் தலைக்கவசத்தோடு உள்ளே உட்கார்ந்து ஓட்டையால் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சாமான்களை எல்லாம் இறக்கி வைத்து விழா தொடங்கியது. எமில் அண்ணை, எல்லோருக்கும் தெரியட்டும் என்று, குத்துவிளக்கை வண்டியின் டீசல் மூடிக்குப் பக்கத்தில் நிறுத்தித் தீக்குச்சியை உரசினார்.

ஆரஞ்சுச் சட்டை போட்ட ஜெர்மன் ஊழியர் தீயணைப்புக் குழாயோடு பாய்ந்து வந்தார். தீக்குச்சி அணைந்தது. தலைவரும் அணைந்தார். நுரை வடிந்து பார்த்தபோது ஆறு நிர்வாகிகளும் ஆறு வெண்பனிப் பொம்மைகளாக நின்றார்கள். ஊழியர் அதோடு விடவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்து வாயைப் பிளந்து, பதாகையை ஒரே இழுவையில் கிழித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டார்.

“எங்கட முகத்தைக் கிழிச்சிட்டான்!” என்று அலறினார் தலைவர். அந்த இடத்திலேயே அவசரக் கூட்டம் கூடியது. கண்டனத் தீர்மானத்தில் ‘வன்மையாக’ என்பதா, ‘மிக வன்மையாக’ என்பதா என்று விவாதம் சூடு பிடித்தது.

ஊழியர் கையைக் காட்டினார். கிறிஸ்தோப்பர் வண்டியைக் கோட்டுக்கு நகர்த்தினார். கண்ணாடி முழுக்க ஓடுபாதை தெரிந்தது. வண்டியில் விளக்கில்லை, கதிரையில்லை, கேடயமில்லை. குளிர்காலம் முழுக்க அவர் கனவு கண்ட எடைக்கு அது வந்துவிட்டிருந்தது.

பச்சை.

டர்போ கூவியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் எழுந்த கரும்புகையில் ஜெர்மனியே மறைந்தது. கிறிஸ்தோப்பர் வாய்விட்டுக் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது. கோட்டைத் தாண்டி வண்டியை நிறுத்தி நேரப்பலகையைப் பார்த்தார். பதினான்கு விநாடிக்கும் குறைவு. பக்கத்துப் பாதையில் வந்தவர் இன்னும் வந்துகொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது கொறற்றி கம்பி வேலியில் ஏறி நின்று விசிலடித்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தனீரோ?”

“பாத்தனான். வாற வருசம் பதின்மூண்டுக்குள்ள போகோணும், சொல்லிப்போட்டன்.”

எமில் அண்ணை நுரையைத் துடைத்தபடி வந்தார். “தம்பி, எப்ப ஓட்டம் தொடங்குது?”

“முடிஞ்சுது அண்ணை. வெண்டிட்டம்.”

“ஆரைக் கேட்டு?”

அடுத்த ஞாயிறு விசாரணை. கிறிஸ்தோப்பர் ஒரு முடிவோடு மண்டபத்துக்குள் போனார். மன்றத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கராஜ் நண்பர்கள் ஆறு பேரை வைத்துப் புதிதாகப் பதிவு செய்வது. கொறற்றி வாசலில் எஞ்சினை ஓடவிட்டபடி வண்டியில் காத்திருந்தாள்.

செயற்குழுவைக் கலந்தாலோசிக்காமல் நேராகச் சென்றது குற்றம் என்று யோசப்பின் அக்கா எடுத்துரைத்தார். “ரிசல்ட் வந்தது வேற விஷயம் சார்” என்றார் சுந்தரராஜன். “ப்ராசஸ் எங்க?”

எமில் அண்ணை மட்டும் கோபப்படவில்லை. எட்டுச் சங்கம் கண்டவர் அல்லவா?

“பிழை எங்களில. பதவி இல்லாத ஆள் ஒருத்தரை விட்டு வைச்சிட்டம், அதாலதான் இப்பிடி வேலை நடந்திட்டுது. இண்டையில இருந்து கிறிஸ்தோப்பர்தான் எங்கட சிரேஷ்ட உபதலைவர்!”

கைதட்டல். பொன்னாடை ஒன்று தோளில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் நுரை வாசம் அடித்தாலும் நல்ல பட்டு.

“அப்ப வண்டியை ஆர் ஓட்டுறது?” என்று கிறிஸ்தோப்பர் மெல்லக் கேட்டார்.

“சிரேஷ்ட உபதலைவர் வண்டி ஓட்டினா மரியாதையோ? அதுக்கு ஒரு உபகுழு போடுவம்.”

வெளியே எஞ்சின் உறுமியது. கொறற்றி மிதித்துக் கூப்பிடுகிறாள் என்பது அவருக்கு விளங்கியது. கிறிஸ்தோப்பர் பொன்னாடையைச் சரிசெய்தார்.

“புதுப் பதாகையில என்ர படம் எங்க வரும்?”

“இடம் ஒண்டுதான் மிச்சம் தம்பி. அந்த ஓட்டை.”

அவர் யோசித்தார். அதிக நேரம் யோசிக்கவில்லை.

“கோட்டுப் போட்ட படம் ஒண்டு இருக்கு” என்றார்.

எஞ்சின் சத்தம் நின்றது. கொறற்றி சாவியை இருக்கையில் போட்டுவிட்டு ட்ராமில் வீட்டுக்குப் போனாள்.

மன்றம் சீரும் சிறப்புமாக இயங்கி வருகிறது. வாரந்தோறும் கூட்டம், வருடந்தோறும் விழா. மண்டப வாசலில் நிற்கும் வண்டி இதுவரை ஒரு விபத்தையும் கண்டதில்லை. அதன் முன்கண்ணாடியில் ஏழு தலைவர்கள் எதிர்காலத்தை உற்று நோக்கிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் ஒன்றுமே தெரியாது.