விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி

உக்கிரபாண்டிக்கு அந்தப் பேரை வைத்தவர்கள், அவனுக்குக் கல்யாணம் என்று ஒன்று ஆகும் என்பதை யோசிக்கவில்லை. போடிமெட்டு மலை வளைவுகளில் ஜீப்பை ஒற்றைக் கையால் ஒடித்துத் திருப்புகிறவன் அவன். எதிரே வருகிற லாரியே ஒதுங்கி நிற்கும். வீட்டு வாசலுக்கு வந்தால் மட்டும் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுவான். உள்ளே சூர்யகலா இருக்கிறாள்.

வாரம் முழுக்க விடியுமுன் ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போய், பொழுது சாய இறக்கிவிடுவது அவன் பிழைப்பு. அதற்கு ஈடாக வீட்டில் ஒரே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தான். "ஞாயித்துக்கிழமை என்னைய ஒரு வேலையும் ஏவக்கூடாது." விசிறிக்கு நேர் கீழே கட்டில். அதில் அவன். அவ்வளவுதான் ஞாயிறு.

அந்தச் சட்டத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

"எனக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை வேணும்ல? அன்னைக்கு ஒருநா அடுப்படிய நீங்க பாருங்க" என்று சூர்யகலா ஆரம்பித்திருந்தாள். கத்திச் சொல்லியிருந்தால் பயமில்லை. மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகச் சொன்ன எதுவும் அந்த வீட்டில் நடக்காமல் போனதில்லை.

வாயால் ஜெயிக்க முடியாது, அறிவால் ஜெயிப்போம் என்று உக்கிரபாண்டி முடிவு கட்டினான். அடுத்த ஞாயிறு காலையில் இட்லித் தட்டை நகர்த்திவிட்டு, கூட்டத்தில் பேசுகிறவன் மாதிரி எழுந்து நின்றான்.

"பவித்ராவுக்குப் பரீட்சை வருது. இனிமே குடும்பமா உக்காந்து கேள்வி கேட்டுப் படிப்போம். அவ நடுவர். நானும் நீயும் போட்டி. தோக்குறவுகளுக்கு ஞாயித்துக்கிழமை அடுப்படி."

சூர்யகலா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள். "ஆகட்டும்."

இத்தனை சுலபமாக அவள் சம்மதித்ததிலேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஏனென்றால் பரீட்சைக்கு அவன் ஏற்கெனவே படித்து முடித்திருந்தான். ஒரு வாரமாக வீடு முழுக்க மகள் பவித்ரா தேடிக்கொண்டிருந்த அறிவியல் புத்தகம், ஜீப்பு சீட்டுக்கு அடியில் பூப்பாறைக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

ஒன்பதாவது படிக்கிற பவித்ரா தமிழில் தொடங்கினாள். "அம்மா, வினைத்தொகைக்கு ஒரு எடுத்துக்காட்டு?"

சூர்யகலா வெங்காயத்தைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். "ஊறுகாய்."

உக்கிரபாண்டி சிரித்தான். "இலக்கணம் கேட்டா தொட்டுக்கிற சாமானச் சொல்றா."

"சரியான விடைப்பா" என்றாள் நடுவர். "ஊறின காய், ஊறுற காய், இனிமே ஊறப்போற காய். மூணு காலமும் ஒளிஞ்சிருக்கு."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. பரவாயில்லை, கையில் துருப்பு இருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இப்ப நான் கேக்குறேன். வேலைன்னா என்ன?"

"காலைல எந்திரிச்சதுல இருந்து நான் செய்றது."

"தப்பு. வேலைங்கிறது விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி. நகரணும். நகந்தாத்தான் வேலை. பவி, சரியா?"

"சரிப்பா" என்றாள் பவித்ரா. புத்தகம் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரிந்துபோனது.

அத்தோடு அவன் நிறுத்தியிருக்கலாம். ஜெயித்தவன் வாய் நிற்குமா?

"இப்ப நீ அடுப்புக்கு முன்னால நிக்கிற. நின்ன இடத்துலயே நிக்கிற. இடப்பெயர்ச்சி சுழி. அப்ப உன் வேலையும் சுழி. நான் சொல்லல கலா, விஞ்ஞானம் சொல்லுது."

சூர்யகலா கோபப்படவில்லை. மகளிடம் திரும்பினாள். "இடப்பெயர்ச்சின்னா என்னடி?"

"கெளம்புன இடத்துக்கும் வந்து சேந்த இடத்துக்கும் நடுவுல நேரா எவ்வளவு தூரமோ, அதும்மா."

"அப்ப உங்கப்பா காலைல நம்ம வாசல்ல ஜீப்ப எடுத்து, மெட்டு ஏறி, பூப்பாறை போயி, ஏலக்காடு பூரா சுத்திட்டு, ராத்திரி இதே வாசல்ல வந்து நிப்பாட்டுறாரே?"

பவித்ரா நகத்தைக் கடித்தாள். "சுழிம்மா."

"ஏத்தா, எத்தனை வளைவு திரும்புறேன்" என்றான் உக்கிரபாண்டி.

"அது தொலைவுப்பா. தொலைவு வேற, இடப்பெயர்ச்சி வேற. பரீட்சையில வேறுபடுத்துகன்னு வரும்."

"டீசல் போடுறேன்ல?"

"டீசல் போனது போனதுதான்."

சூர்யகலா வெங்காயத் தோலை ஊதித் தள்ளினாள். "உங்க தலையில ரெட்டைச் சுழின்னு பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கய்யா சொன்னாரு. ஒண்ணு இதுதான் போல."

"மதி, மதி" என்று கையெடுத்தான் அவன். மலைமேல் பழகியதில், 'போதும்' என்பதற்கு அந்த மலையாள வார்த்தைதான் அவன் வாயில் வரும்.

"மதி இருந்தா இப்படி ஒரு கேள்வி கேட்டிருப்பீகளா?"

பவித்ரா தீர்ப்புச் சொன்னாள். "அம்மாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் சமம்."

உக்கிரபாண்டிக்கு மூச்சு திரும்பி வந்தது. சமம் என்றால் தோற்றவர் இல்லை. தோற்றவர் இல்லை என்றால் சட்டம் பிழைத்தது. கட்டில் இருந்த பக்கம் மெல்ல நடந்தான்.

"இந்தாங்க" என்றாள் சூர்யகலா. மெதுவாகத்தான் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை வேலை ஏவக்கூடாதுன்னுதான சொன்னீக?"

"ஆமா."

"நான் இப்பவும் வேலை ஏவல. அடுப்புக்கு முன்னால நிக்கிறது வேலையில்லன்னு நீங்கதான சொன்னீக. வேலையில்லாத ஒண்ண நீங்க செஞ்சா உங்க சட்டத்துக்கு என்ன கொறைச்சல்?"

அவன் நடுவரைப் பார்த்தான். நடுவர் விட்டத்தைப் பார்த்தாள்.

"விஞ்ஞானம்ப்பா" என்றாள்.

வெங்காயத் தட்டு கை மாறியது.

மதியம். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியும் கையுமாக உக்கிரபாண்டி வியர்த்து வழிந்தான். விசிறிக்கு நேர் கீழே, கட்டிலில் சூர்யகலா கால் நீட்டிப் படுத்திருந்தாள். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கலாமென்று அவன் குடத்துப் பக்கம் ஓர் எட்டு எடுத்து வைத்தான்.

"அங்கனயே நில்லுங்க" என்று குரல் வந்தது. "நகந்தா வேலையாயிரும்."