மோர்டனில் ஒரு தகவல் போர்

பழைய மாணவர் சங்கத் தேர்தலுக்குப் பத்து நாள்தான் இருந்தது. இப்போதைய தலைவர் தேவராசாவிடம் மூன்று தடவை தோற்ற அருள்நேசனுக்கு அறுபத்தெட்டு வயதில் மிஞ்சியிருந்த ஒரே ஆசை, அந்தத் தலைவர் பதவி. ஒருமுறையாவது ஆண்டு விருந்தில் மாலையோடு நடுவில் உட்கார வேண்டும்.

அதற்காகவே விம்பிள்டனில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்திருந்தார். ‘சீனரின் போர்ச் சிந்தனையும் தகவல் போரும்’ என்று ஆறு கிழமைப் படிப்பு. மோதுவதற்கு முன்பே எதிராளியின் ஆட்களைக் குழப்பிவிட வேண்டும், அதற்குத் தகவலே ஆயுதம் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தார்.

ஆயுதம் பக்கத்து வீட்டிலேயே இருந்தது. பெயர் யோகமலர். அவளிடம் ஒரு கட்டுக்கதையை அவிழ்த்துவிட்டார்.

"தேவராசா களைச்சுப் போனார். இந்த முறை விலகப் போறாராம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அப்படிச் சொன்னால்தான் யோகமலருக்குச் சுறுசுறுப்பு வரும். மறுநாளே தேவராசா வீட்டு வாசலில் சனம். பத்தொன்பது வருஷம் சங்கத்தைச் சுமந்தவர் விலகுவதா என்று நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்துகூட ஆட்கள் வந்து கெஞ்சினார்களாம்.

அருள்நேசன் கொப்பியைப் புரட்டினார். பலவீனமாகத் தெரிந்தால் எதிராளி அசந்துவிடுவான் என்றிருந்தது. தனக்குக் கொஞ்சம் பிரஷர், போட்டியிடும் யோசனை இல்லை என்று அதே யோகமலரிடம் முனகினார். பின்னேரத்துக்குள் பிரஷர் இருதய வருத்தமாகியது. கதை கோயிலுக்குப் போய்ச் சேரும்போது பைபாஸ். வீட்டுக்கு இடியப்பமும் சொதியும் வந்து குவிந்தன.

"இஞ்சாருங்கோ, நீங்கள் செத்தாலும் இவ்வளவு சாப்பாடு வராது" என்றாள் மனைவி, பிரிட்ஜை மூட முடியாமல்.

பயந்துபோய், தான் நல்ல சுகம், கட்டாயம் போட்டியிடுகிறேன் என்று வாட்ஸப் குழுவில் போட்டார். பாவம், மறைக்கிறார் என்று எல்லோரும் கும்பிடும் கைகளை அனுப்பினார்கள். சுகத்தை நிரூபிக்கப் பூங்காவில் ஓடினார். இரண்டு பேர் துரத்திப் பிடித்து, வாங்குப் பலகையில் இருத்தித் தண்ணீர் பருக்கினார்கள்.

கூட்டத்தில் அவர் பெயரை வழிமொழிய ஒருவரும் எழும்பவில்லை. பதவியில் இருந்து அவருக்கு ஏதும் நடந்தால் அந்தப் பழியை யார் சுமப்பது? தேவராசா இருபதாவது வருஷமும் போட்டியின்றித் தலைவரானார். அருள்நேசனுக்கு ஹீட்டருக்குப் பக்கத்தில் குஷன் வைத்த கதிரை கிடைத்தது.

தேவராசாவின் மனைவி சந்திரவதனா சீனி போடாத தேத்தண்ணியோடு வந்து குனிந்தாள்.

"மனசில வையாதேங்கோ அண்ணை. இவர் இந்த முறை விலகி, உங்களைத்தான் தலைவராக்க இருந்தவர். சனம் வந்து கெஞ்சினதில விலகேலாமப் போச்சு. எங்கட வீட்டுக்குள்ள இருந்த அந்தக் கதையை ஆர் முன்கூட்டியே வெளியில விட்டதெண்டுதான் இன்னும் விளங்கேல்லை."