வேலாயி வீட்டுக் கூரைத் திட்டம்

குடிமக்கள் நனையக் கூடாது என்று அரசாங்கம் கொள்கையளவில் முடிவெடுத்திருந்தது. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வேலாயிக்கு அந்தச் சேதி வந்தபோது, அவள் புருஷன் ராமையாவின் கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ராமையாவுக்கு இழுப்பு. ஈரம் பட்டால் மூச்சுக்குத் திண்டாடுவார். கொழுந்து பறிக்கும்போதும் அவளுக்கு அந்தக் கட்டில் நினைப்புத்தான்.

மனுப் போட்டாள். ஆறு மாதம் கழித்து, வெயில் சுள்ளென்று அடித்த ஒரு நாளில், கூரை நல்வாழ்வுப் பிரிவின் அதிகாரி சிவனேஸ்வரன் எழுந்தருளினார். அண்ணாந்து பார்த்தார்.

"ஒழுகலையேம்மா?"

"மழை பேஞ்சாதானே ஐயா ஒழுகும்!"

"நான் கண்ணால பாத்தாதான் எழுத முடியும். விதி."

"அப்ப மழையன்னிக்கு வாங்க லா."

"மழையில மலை ரோட்டுல மண்ணு சரியும். அதிகாரிங்க வரக் கூடாது. அதுவும் விதிதான்."

ஏழு தடவை வந்தார். ஏழு தடவையும் நல்ல வெயில். எட்டாம் தடவை, பக்கத்து வீட்டு லோரி டிரைவர் ரூபன் கூரைமேல் ஏறி ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தான். கட்டில் நனைந்தது.

"இது ஒழுகுனது இல்லம்மா, ஊத்துனது" என்று சிவனேஸ்வரன் சட்டையைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் தேர்தல் அறிவித்தார்கள். மறுநாளே ஆளுங்கட்சி வேட்பாளர் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு போர்டு நட்டார். பத்தடி நீளம், கெட்டித் தகரம். 'இவ்வில்லத்தின் கூரை விரைவில் சீரமைக்கப்படும்' என்ற வாசகத்துக்குப் பக்கத்தில் படமாக அவரே கைகூப்பிச் சிரித்தார்.

சாயங்காலம் வானம் கறுத்தது. வேலாயியும் ரூபனும் போர்டைப் பிடுங்கி ஒழுகும் இடத்தில் போட்டு ஆணியடித்தார்கள். மழை கொட்டித் தீர்த்தது. ராமையாமேல் ஒரு சொட்டு விழவில்லை. வேலாயிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"கவர்மெண்டு நல்லதுதான் செஞ்சிருக்கு" என்றார் ராமையா, போர்வைக்குள்ளிருந்து.

ஒரே வாரத்தில் லைன் முழுக்க வேட்பாளர் கூரைக்குக் கூரை வானத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு சுயேச்சை வேட்பாளர் யுவனேஸ்வரி வந்தாள். அளவு நாடாவோடு கூரைகளை அளந்தாள். புதுக் கூரைக்குச் செலவுக் கணக்கு, ஆள், தேதி எல்லாம் தாளில் காட்டினாள்.

வேலாயி பொறுமையாகக் கேட்டாள். "உங்க போர்டு எங்கம்மா?"

"போர்டு இல்லைங்க. நேரா கூரைதான்."

"கூரை போட்டு நாங்க பாத்ததே இல்லம்மா. போர்டு ஒழுகாது. அது எங்க அனுபவம்."

தேர்தலில் யுவனேஸ்வரி வைப்புத்தொகையை இழந்தாள்.

ஆளுங்கட்சியின் வெற்றி விழா முடிந்த கையோடு சிவனேஸ்வரன் வந்தார். இந்தத் தடவை மழை. விதியைத் தளர்த்தியிருந்தார்களாம். அண்ணாந்து பார்த்துப் பூரித்துப்போனார்.

"ஒழுக்கே இல்ல! திட்டம் முழுசா நிறைவேறிடுச்சு."

"ஆமாங்க ஐயா" என்றாள் வேலாயி பெருமையாக.

"நிறைவேறின வீட்டுல போர்டு இருக்கக் கூடாதும்மா. விதி."

ஆட்கள் போர்டைக் கழற்றி லோரியில் ஏற்றினார்கள். ராமையாவின் நெஞ்சில் முதல் சொட்டு விழுந்தது. வேலாயி கட்டிலை இழுத்தபடி லோரிக்குப் பின்னால் கத்தினாள்:

"ஐயா, அடுத்த எலெக்ஷன் எப்ப?"