டொக்டர் வருவா

பிள்ளைக்குப் பரிசு வாங்கப் போகிற தகப்பன் பிள்ளைக்குத் தேவையானதை வாங்குவதில்லை. தனக்கு வேண்டியதைத்தான் வாங்கிக்கொண்டு வருவான். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பத்து வருடம் எடுத்தது. என் மனைவி பஸீலாவுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. (அவள் சொல்லி நான் எதைக் கேட்டேன், இதைக் கேட்பதற்கு?)

அப்போது நான் கல்முனையில் தபால்காரன். கடிதங்கள் மூட்டையாக வந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். ஒவ்வொரு வீட்டுக் கேட்டடியிலும் ஒரு பெண் நிற்பாள். புருஷன் சவூதியில், மகன் குவைத்தில். பையில் கடிதம் இல்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. "வரும், நாளைக்கு வரும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை வேகமாக மிதித்துவிடுவேன். எங்கள் தெருமுனையில் இருந்த, எனக்கு அக்கா முறையான ஸீனத் ராத்தாவுக்கு இப்படி எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அவருடைய மகன் குவைத்தில் இருந்தான். எழுதுவதில் பெரிய சோம்பேறி.

தபால்காரனுக்குப் பெயர்ப்பலகை மாட்டிய வீடென்றால் தனி மரியாதை. நெயில் பொலிஷ் பூசிய மாதிரிப் பளபளக்கும் சட்டத்தரணி பலகைகள், ஒரு பக்கம் துருப்பிடித்த டொக்டர் பலகைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். என் வீட்டு மதிலில் மட்டும் ஒன்றுமில்லை. தபால்காரன் வீட்டுக்கு எதற்குப் பலகை? கடிதம் வந்தால் நானேதான் கொண்டு வர வேண்டும்.

இந்த நிலையில்தான் எங்கள் ஒரே மகள் ஹஸ்னாவுக்கு மெடிக்கல் கிடைத்தது. பேராதனைப் பல்கலைக்கழகம். தெருவே வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போனது. பிறகு பரிசுகள் வரத் தொடங்கின. மூன்று மாமிமார் மூன்று ஸ்டெதஸ்கோப் கொடுத்தார்கள். (பிள்ளைக்கு இரண்டு காதுதான் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.) கட்டாரில் இருக்கும் என் மச்சான் லெப்டொப் அனுப்பினார். பஸீலா ஒரு சங்கிலியைப் பார்த்து வைத்திருந்தாள்.

"நாம ரெண்டு பேரும் சேந்து சங்கிலியக் குடுப்பம்" என்றாள்.

"தகப்பன் தனியாக் குடுக்கணும்" என்றேன் நான். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

கல்முனை பஸார் முழுக்க நடந்தேன். பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்கும் போனேன். கைக்கடிகாரம், பேனை, தோல் பை, உருட்டிக்கொண்டு போகிற பெட்டி. எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், வைத்துவிட்டு வந்தேன். கடைக்காரர்கள் என்னைக் கண்டால் ஷட்டரை இழுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஏன் ஒன்றும் பிடிக்கவில்லை என்று அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. அதெல்லாம் அவள் போகும்போது கொண்டு போகிற சாமான். எனக்கு வேண்டியிருந்தது, அவள் திரும்பி வருவதற்கு ஒரு சாமான்.

அக்கரைப்பற்றிலிருந்து திரும்பும் பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே ஒரு டொக்டர் பலகை ஓடியது. நான் அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்காத குறை.

பாண்டிருப்பில் ஆட்டிஸ்ட் தவம் என்று ஒருவர் பலகை எழுதுவார். கையெழுத்து முத்து. வாய்தான் கொஞ்சம் அதிகம்.

"மகள் படிச்சு முடிச்சிட்டாவா காக்கா?" என்று கேட்டார். (எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.)

"முடிச்ச மாதிரித்தான்."

"எங்க வேலை?"

"இனித்தான்."

இரண்டும் பொய்யில்லை என்று அன்றைக்கு எனக்கு ஒரு திருப்தி. வெள்ளிக்கிழமை காலையில் பலகையை எடுக்கப் போனேன். வெள்ளைப் பின்னணியில் நீல எழுத்து. டொக்டர் ஹஸ்னா, எம்.பி.பி.எஸ். அத்தோடு நான் சொல்லாத ஒரு வரியும் கீழே இருந்தது: பார்வை நேரம் பின்னேரம் 4 – 8.

"இது என்ன தவம்?"

"எல்லா டொக்டர்மாரும் போடுறதுதானே காக்கா. இல்லாட்டிப் பலகை மொட்டையா இருக்கும். சும்மாதான் எழுதினன், காசு வேண்டாம்." பிறகு விரலை உயர்த்தி, "பெயின்ட் காயல்ல. பின்னேரம் வரைக்கும் காத்துப்படட்டும்" என்றார்.

அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வீட்டில் ஹஸ்னாவை வழியனுப்பும் துஆ. மௌலவி வருவார், சொந்தக்காரர்கள் வருவார்கள், எல்லோர் முன்னாலும் பலகையைத் துணியால் மூடிக் கொடுப்பதாக என் திட்டம். பஸீலாவும் ஹஸ்னாவும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் பயணம் சொல்லப் போயிருந்தார்கள். ஊரை விட்டுப் போகிற பிள்ளை வீடு வீடாக ஏறிப் பயணம் சொல்லாவிட்டால் இங்கே மன்னிப்புக் கிடையாது. ஆக, வீட்டில் நான் மட்டும். முற்றத்தில் பந்தல் போட்டு, வாடகைக் கதிரைகளை வரிசையாக அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

பலகையை எங்கே காய வைப்பது? உள்ளே வைத்தால் மணக்கும். கோழி மிதிக்கும். மதிலில் ஒரு ஆணி அடித்து அதில் மாட்டினேன். காய்வதற்குத்தான். (அல்லாஹ்வுக்குத் தெரியும், காய்வதற்கு மட்டுமில்லை.) தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். சைக்கிளில் வருகிற தபால்காரன் மாதிரியும் ஒருதரம் வந்து பார்த்தேன். ஹஸ்னா ஒவ்வொரு பின்னேரமும் முன்னறையில் இருப்பாள், நான் வெளியே கதிரையில் இருந்து ஆட்களை உள்ளே விடுவேன். அந்த நினைப்பிலேயே ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வந்து, சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். பலகையை நினைத்துக்கொண்டேதான் தூங்கினேன்.

சத்தம் கேட்டு எழும்பினேன். துஆவுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, சாரத்தை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பந்தல் நிறையப் பெண்கள். பாதிப் பேரை எனக்குத் தெரியும், அழைப்புச் சொன்ன ஞாபகம்தான் இல்லை. ஒருத்தி மடியில் இருமுகிற குழந்தை. முன்வரிசையில் ஸீனத் ராத்தா.

"தம்பி, டொக்டர் எப்ப வருவா?"

எங்கள் பக்கத்தில் பெண் டொக்டர் என்றால் சும்மா இல்லை. ஆண் டொக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு வியாதியோடு இருக்கிற பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். மெடிக்கல் கிடைத்ததையே டொக்டரானதாக எடுத்துக்கொண்டவர்கள் பலகையும் கண்டு, பந்தலும் கண்டு, கதிரையும் கண்டால் என்ன நினைப்பார்கள்? இன்றைக்குத் திறப்பு விழா என்று செய்தி பறந்திருக்கிறது.

உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். 'மகள் இன்னும் படிக்கவே தொடங்கவில்லை, இது என் பைத்தியம்' என்று சொன்னால் முடிந்தது. நான் ஸீனத் ராத்தாவின் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடப் பழக்கம் வாயில் வந்தது.

"வருவா" என்றேன். "வெளிய போயிருக்கா. வருவா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். யார் முதலில் வந்தது என்று பின்வரிசையில் சண்டை தொடங்கியது. தபால் கந்தோரில் கூட்டம் சேர்ந்தால் நம்பர் கொடுப்போம். உள்ளே ஓடினேன். சுவரில் நாட்கலண்டர் தொங்கியது, பெரிய பெரிய இலக்கம், எழுதும் வேலையும் மிச்சம். அடுத்த மாதத்துத் தாள்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று கிழித்து ஒழுங்காகக் கொடுத்தேன். ஸீனத் ராத்தாவுக்கு மூன்று. சண்டை அடங்கியது. என்னுடைய நிர்வாகத் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போதுதான் டொக்டர் ஐயா வந்தார். எங்கள் தெருவில் நாற்பது வருடமாக டிஸ்பென்சரி வைத்திருந்தவர், மெதடிஸ்ட் சபைக்காரர். ஹஸ்னாவின் முதல் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர் அவர்தான். துஆவுக்கு நானே போய் அழைத்திருந்தேன். பலகையை மேலிருந்து கீழாக வாசித்தார். பந்தலுக்குள் பார்த்தார். அங்கே இருந்தவர்களில் பாதி அவருடைய நோயாளிகள். எல்லோரும் ஒரே நேரத்தில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடினார்கள்.

அவர் போய்ப் பின்வரிசையில் ஒரு கதிரையில் இருந்தார்.

"எனக்கு எத்தினையாம் நம்பர்?" என்று கேட்டார்.

பதினேழாம் திகதியைக் கிழித்துக் கொடுத்தேன்.

ஓட்டோ வந்து நின்றது. பஸீலா முதலில் இறங்கினாள். பலகையைப் பார்த்தாள், பந்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை.

"ஒரு சங்கிலி வாங்கத் தெரியாதா ஒங்களுக்கு?"

பின்னால் ஹஸ்னா. பத்தொன்பது வயது, போகிற வீடெல்லாம் தேத்தண்ணி குடித்துக் களைத்த முகம். இறங்க முன்னமே பெண்கள் சூழ்ந்துவிட்டார்கள். இருமுகிற குழந்தையை யாரோ அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். குழந்தை அழுதது. இவளும் அழப்போனாள்.

"வாப்பா! நான் இன்னும் ஒரு நாள் கூட கிளாசுக்குப் போகல்ல!"

குழந்தையைத் தாயிடம் கொடுத்தாள். விறுவிறென்று நடந்து போய்ப் பலகையைக் கழற்றப் பிடித்தாள். பெயின்ட் காயவில்லை. அவளுடைய வலது கை அப்படியே பதிந்தது, சரியாக எம்.பி.பி.எஸ். மேல். நீலக் கையோடு திரும்பி நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நான் டொக்டர் இல்ல. இனித்தான் படிக்கப் போறன். வாப்பா ஆசையில செஞ்சிட்டாரு. எல்லாரும் மன்னிச்சுக்குங்க."

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன். ஸீனத் ராத்தா எழும்பி அவளிடம் வந்தார்.

"எத்தன வருசம் படிக்கணும் மகள்?"

"அஞ்சு. பொறகு ட்ரெய்னிங் ஒரு வருசம்."

"பொறகு இஞ்ச வருவதானே?"

ஹஸ்னா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வருவன்" என்றாள்.

"அப்ப நான் இந்தத் துண்ட வச்சிக்கிறன்" என்று கலண்டர்த் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார் ராத்தா. டொக்டர் ஐயா அவரைத் தனியே கூப்பிட்டு, அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு பெண் டொக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இருமிய குழந்தைக்கும் மருந்து எழுதினார். மௌலவி வந்து துஆ ஓதினார். வந்த பெண்கள் யாரும் போகவில்லை, இருந்து பட்டிஸும் வட்டிலப்பமும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். சொந்தக்காரர்களுக்குப் பத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹஸ்னா பஸ் ஏறினாள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்களில் நீலம் போகவில்லை. அந்தக் கையைத்தான் ஜன்னலில் ஆட்டிக்கொண்டு போனாள். அடுத்த மாதம் பிறந்தபோது எங்கள் வீட்டுக் கலண்டரில் ஒன்று முதல் பதினேழு வரை இல்லை. அவள் இல்லாத அந்த வீட்டில் அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

'டொக்டர் வருவா' எங்கள் குடும்பத்துச் சொல்லாகிவிட்டது. கரண்ட் போனால் 'டொக்டர் வருவா'. சமையல் காஸுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் அதுதான். மாமிமார் வீட்டில் பஸ் பிந்தினாலும், மாப்பிள்ளை வீட்டார் பிந்தினாலும் அதுதான். பலகை அலுமாரிக்குப் பின்னால் போனது.

ஹஸ்னா படித்தாள், முடித்தாள், கல்யாணமும் கட்டினாள். மலைநாட்டில் கொஞ்ச காலம் வேலை செய்தாள். பிறகு நாட்டில் பொருளாதாரம் விழுந்து எல்லோருக்கும் கால் தளம்பிய அந்த வருடத்தில், "மேல்படிப்புக்கு ரெண்டு வருசம் மட்டும் வாப்பா" என்று இங்கிலாந்துக்குப் போனாள். இப்போது நாலாவது வருடம். வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். அங்கே ரயில் பிந்தினால் அவளுடைய சின்ன மகள் "தொத்தர் வருவா" என்கிறதாம், அர்த்தம் தெரியாமலே. கேட்டுச் சிரிப்பேன். போனை வைத்த பிறகு, கொஞ்ச நேரம் யாரோடும் கதைக்கப் பிடிக்காது. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான். இங்கிலாந்து அவளுக்கு எவ்வளவு நல்லதென்று எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இருந்தும் வேண்டும்.

போன மாதம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். அலுமாரியை நகர்த்தும்போது பலகை வெளியே வந்தது. துடைத்து மதிலோடு சாய்த்து வைத்தேன். நீலம் மங்கியிருந்தது, கை மட்டும் ஐந்து விரலோடும் தெளிவாக இருந்தது. ஸீனத் ராத்தா பொல்லை ஊன்றிக்கொண்டு தெருவால் வந்தவர் கேட்டடியில் நின்றார்.

"வந்திட்டாவா?"

"இல்ல ராத்தா. வருவா."

அவர் சிரித்தார். "கடிதக் காலத்திலயும் இதத்தான் சொல்லுவீங்க தம்பி. வரும், நாளைக்கு வரும் எண்டு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "பொய்தான் ராத்தா. பையில ஒண்டும் இரிக்காது. மன்னிச்சுக்குங்க."

"எனக்குத் தெரியாதா? பைக்குள்ள கையப் போடாமயே சொல்லுவீங்க." பலகையைப் பார்த்தார். "ஆனா நீங்க அப்பிடிச் சொல்லிட்டுப் போனாத்தான், அடுத்த நாளும் கேட்டடிக்கு வர எனக்கு மனம் வரும். ம்... எண்ட மூணாம் நம்பர் இரிக்கிதானே?"

"இரிக்கி ராத்தா."

அவர் போன பிறகு, பஸீலா உள்ளேயிருந்து கேட்டாள். "அந்தப் பலகைய அலுமாரிக்குப் பின்னால வைக்கவா?"

"வேணாம். சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கிட்டு வா."

உள்ளே சாமான் பெட்டியைக் கிளறும் சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய குரல் வந்தது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல்.

"வரும். நாளைக்கு வரும்."