லெவல் அண்ணையின் தொங்குவிளக்கு

லண்டனில் நேரான வீடு ஒன்றுகூட இல்லை என்ற உண்மையை உலகுக்கு முதலில் அறிவித்தவர் லெவல் அண்ணை. உலகம் என்று நான் சொல்வது, பிளேஸ்டோவில் மூன்று பேர் வாடகைக்கு இருந்த எங்கள் வீட்டை.

அவர் ஜெர்மனியில் பதினைந்து வருடம் டைல்ஸ் பதித்துவிட்டு 2007இல் லண்டனுக்கு வந்தவர். கையில் ஒரு சின்னப் பெட்டி, கக்கத்தில் ஒரு மீட்டர் நீளமான ரசமட்டம். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுமே, அந்தக் கருவி. எங்கள் ஆட்கள் அதை லெவல் என்பார்கள். தேத்தண்ணி கொடுத்தால், மேசையில் லெவலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கோப்பையைத் தொடுவார். ஒரு கலியாணத்தில், தாலி கட்டுவதற்குச் சற்று முன், மணவறை சரிந்திருக்கிறது என்று எழுந்து போய் அதன் அடியில் பலகைத் துண்டு ஒன்றைச் செருகிவிட்டு வந்தார். வீடியோவில் மாப்பிள்ளையை விட அவர்தான் தெளிவாகத் தெரிகிறார்.

2009 கோடையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வீடு மாறியபோது வாசலில் விட்டுப்போன நான்கடி மீன்தொட்டியை அண்ணை தூக்கிவந்தார். முன்னறையில் ஒரு கட்டையான அலுமாரியின் மேல் வைத்து, நீர் நிரப்பி, செடி நட்டு, எட்டு மீன்களை விட்டார். இடது பக்கம் நீர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. வலது பக்கம் இரண்டு விரல் கீழே நின்றது.

"பாத்தியளே தம்பி," என்றார் அண்ணை. "வீடு பொய் சொல்லும். வீட்டுக்காரன் பொய் சொல்லுவான். தண்ணி சொல்லாது."

நான் அதை அளந்து நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். அந்த நாட்களில் நான் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வேன்.

வேலை முடிந்து வந்ததும், முழங்கால் தூசியைக்கூடத் தட்டாமல், ஒரு மணித்தியாலம் தொட்டிக்கு முன்னால் இருப்பார். பகல் முழுக்க மற்றவர்களின் நிலத்தை நேராக்கிவிட்டு வருபவருக்கு, யாரும் நேராக்காமலே நேராக நிற்கும் ஒரே பொருள் அந்த நீர்தான் என்று எனக்குத் தோன்றும். அந்த ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் அவருடன் பேசுவதில்லை.

ஒக்டோபர் கடைசியில் குளிர்கால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்கு வைத்தோம். முன்னறை இருண்டது. செடிகள் மஞ்சளாகின. அண்ணை எங்கிருந்தோ ஒரு பழைய டியூப்லைட்டைக் கொண்டுவந்து, சீலிங்கில் கொழுக்கி போட்டு, தொட்டிக்கு மேலே தொங்கவிட்டார். மூன்றாம் நாள், ஒரு ரொட்டி அளவு சுண்ணாம்பு கொழுக்கியோடு கழன்று தண்ணீருக்குள் விழுந்தது. விளக்கு அரை வழியில் வயரில் நின்றது. மீன்கள் தப்பிவிட்டன.

பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் கடை வைத்திருந்த வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டு அன்று மாலையே வந்தார். சப்பாத்தோடு உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"உமக்கு நான் என்ன சொன்னனான்? சுவரில ஆணி ஏலாது, சீலிங்கில கொழுக்கி ஏலாது."

"வெளிச்சம் இல்லாட்டி செடி செத்துப்போம்."

"சாகட்டும். ரெண்டு கிழமை தாறன். சுவரையும் சீலிங்கையும் தொடாமல் தொங்கவிட ஏலுமெண்டால் தொங்கவிடும். ஏலாட்டி தொட்டி றோட்டில. நீரும் அதுக்குப் பக்கத்தில நிப்பீர்."

அண்ணை அடுத்த நாள் இரண்டு செப்புக் குழாய்களோடு வந்தார். அலுமாரியின் முதுகில் அவற்றைப் பூட்டி, மேலே எழுப்பி, தொட்டிக்கு மேல் வளைத்து, நுனிகளில் விளக்கைத் தொங்கவிடுவது திட்டம். வளைக்கும்போது குழாய் நசியாமல் இருக்க உள்ளே மணல் நிரப்புவார்கள். பிளேஸ்டோவில் மணல் இல்லை. குகனிடம் அரிசி இருந்தது. குகன் மேல் அறைக்காரன். அன்றைக்குச் சமைப்பது அவன் முறை.

"அண்ணை, அது பாஸ்மதி."

"ஓம், நல்லது. நீட்டு அரிசி நெருங்கி நிக்கும்."

குகன் சோறு காய்ச்சும் பெரிய கிடாரத்தைச் சுற்றித்தான் குழாய்களையும் வளைத்தார். வளைந்த பிறகு அரிசி வெளியே வர மறுத்தது. பின்வளவில் இரண்டு பேர் குழாயைப் பிடித்துக் குலுக்கியதை அயலவர் ஒருவர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கிழமை சோற்றில் செப்பு வாசம் வந்ததாகக் குகன் சொன்னான். எனக்கு அப்படித் தெரியவில்லை. இருந்தாலும் குறித்துவைத்தேன்.

சங்கிலிக்கு ஈஸ்ட் ஹாமில் பூசைச் சாமான் கடைக்குப் போனோம். கோயில்களில் தூண்டாமணி விளக்கைத் தொங்கவிடும் பித்தளைச் சங்கிலிதான் துரு பிடிக்காது என்பது அண்ணையின் முடிவு.

"எந்தக் கோயிலுக்கு அண்ணை?" என்று கடைக்காரர் மரியாதையோடு கேட்டார்.

"எட்டு மீனுக்கு."

பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. விளக்கு தொட்டியின் விளிம்புக்குச் சமமாகத் தொங்க வேண்டுமா, தண்ணீருக்குச் சமமாகவா? தொட்டிக்குச் சமமாகத் தொங்கவிட்டால் பார்க்க அழகு. ஆனால் லெவல் ஒத்துக்கொள்ளாது. தண்ணீருக்குச் சமமாகத் தொங்கவிட்டால் லெவல் ஒத்துக்கொள்ளும், பார்ப்பவர் ஒத்துக்கொள்ளமாட்டார். கெடு முடிய ஐந்து நாள் இருந்தது. அண்ணை நாலு நாள் யோசித்தார்.

ஐந்தாம் நாள் தண்ணீர் வென்றது. இடது சங்கிலி பதினொரு வளையம். வலது சங்கிலி பதினைந்து.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு சப்பாத்தோடு வந்தார். இருண்ட அறையில் செப்பு வளைவு பளபளத்தது. பித்தளைச் சங்கிலியில் விளக்கு எரிந்தது. வீட்டுக்காரர் தன்னை அறியாமல் சப்பாத்தைக் கழற்றினார். கைகள் பாதி உயர்ந்த பிறகுதான் உள்ளே மீன் நீந்துவதைக் கண்டார்.

அந்தக் கோபத்தில் ஒரு குற்றம் தேடினார். கிடைத்தது.

"விளக்கு வலப்பக்கம் சரிஞ்சு கிடக்கு. ஒருநாளைக்கு விழும். தொட்டி உடையும். என்ர கார்ப்பெட் போம். எடும் தொட்டியை."

குகன் என்னைப் பார்த்தான். நான் மீன்களைப் பார்த்தேன்.

"விளக்கு நேர்," என்றார் அண்ணை. "வீடுதான் சரிவு."

வீட்டுக்காரர் சிரித்தார். அண்ணை லெவலை விளக்கின் மேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. தொட்டி விளிம்பில் வைத்தார். குமிழி வலப்பக்கம் ஓடியது. நிலத்தில் வைத்தார். குமிழி ஓடிப்போய் மூலையில் ஒதுங்கி, திரும்பி வரவே இல்லை. வீட்டுக்காரர் காலுறையோடு முழந்தாளிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை," என்றார் கடைசியில். அதுவரை அவர் அண்ணையை அண்ணை என்றதில்லை. "வீடு விழுமோ?"

"நூறு வருசமாச் சரிஞ்சுபோய் நிக்குது. விழாது. ஆனா சரிவு கூடுதோ எண்டு பாத்துக்கொள்ள வேணும்."

"எப்பிடிப் பாக்கிறது?"

"தண்ணியில பாக்கிறதுதான். தம்பி கொப்பியில எழுதி வைச்சிருக்கிறார்."

வீட்டுக்காரர் தொட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"தொட்டியை ஒருத்தரும் அசைக்கவேண்டாம்," என்றார். "நீங்களும் எங்கயும் போயிடாதேங்கோ." சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை நடந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போன் எடுப்பார். எங்கள் சுகம் விசாரிப்பதில்லை. "தண்ணி என்ன சொல்லுது?" என்பார். ஒரு விரல், இரண்டு விரல் என்று நான் வாசித்துக் காட்டுவேன். மூன்று வருடம் அது மாறவே இல்லை.

2012இல் அண்ணை வேலை கிடைத்து ஸ்கொட்லாந்துக்குப் போனார். லெவலைக் கொண்டுபோனார். தொட்டியை என்னிடம் விட்டுப்போனார். நான் வீடு மாறி கிங்ஸ்பரிக்கு வந்தபோது அதுவும் செப்புக் குழாய்களும் கூடவே வந்தன.

இது புதிய கட்டடம். நிலம் நேர். தண்ணீர் தொட்டியின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறது. அதனால் விளக்கு இப்போது உண்மையாகவே சரிந்து தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். போன மாதம் குகன் வந்தபோது சங்கிலியைத் திருத்தக் கை நீட்டினான். கையை எடுக்கச் சொன்னேன்.

இடது பதினொன்று. வலது பதினைந்து. அவர் தொங்கவிட்டபடியே இருக்கட்டும்.