வண்டிக்கடியில் ஏன்காரர்

எமனே வந்து நின்றாலும், "எதுக்கு வந்தீங்க?" என்று விளக்கம் கேட்டுவிட்டுத்தான் கிளம்பக்கூடியவர் எங்கள் ஏன்காரர். பன்வில பக்கத்துத் தோட்டத்திலிருந்து கண்டிக்குக் கோப்பிக்கொட்டை ஏற்றிப்போகும் மாட்டுவண்டிக்காரர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். வைத்தியர் கஷாயம் கொடுத்தால், "இது வவுத்துக்குள்ள போயி என்னா பண்ணும்?" என்பார். பதில் பிடிக்காவிட்டால் காய்ச்சலோடு வீடு திரும்பிவிடுவார்.

நான் அதே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. கண்டியில் படித்தவன். பௌதிகப் புத்தகத்துச் சூத்திரங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

"சரிங்க, அதுக்கு அர்த்தம் என்னாங்க?" என்பார் ஏன்காரர்.

நான் இன்னும் சத்தமாக ஒப்பிப்பேன்.

ஒரு மழைநாள், இருவரும் கோப்பி மூட்டைகளோடு ஓடையைக் கடக்கும்போது சக்கரம் சறுக்கி வண்டி சாய்ந்துவிட்டது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு கரையேறின. ஏன்காரரின் கால் வண்டிச் சட்டத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டது. மலையில் பெய்த மழை ஓடையில் இறங்க, தண்ணீர் அவர் இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது. கூப்பிடு தூரத்தில் ஆளில்லை.

கரையில் கிடந்த நீள மரமொன்றைச் சட்டத்துக்கு அடியில் செருகி, ஒரு கல்லை முட்டுக்கொடுத்துத் தொங்கினேன். அசையவில்லை. பயத்தில் என் வாய் தானாகவே நெம்புகோல் சூத்திரத்தை ஒப்பிக்கத் தொடங்கியது: "பாரம் பெருக்கல் பாரத்தின் தூரம், சமன் பலம் பெருக்கல் பலத்தின் தூரம்..."

"ஐயா! கல்லு எங்க இருக்கு?"

"என் பக்கத்துல!"

"ஏன் அங்க வச்சீங்க?"

"சாகப்போறீங்க, இப்பவுமா ஏன்?"

"ஆமாங்க! ஏன்?"

தண்ணீர் அவர் தாடையைத் தொட்டது. பதில் தேடினேன். அப்போதுதான், வாழ்க்கையில் முதல்முறையாக, அந்த வரி எனக்கு உறைத்தது. கல் வண்டியை ஒட்டி இருந்தால் என் பக்கத்து மரம் நீளும். நான் நிறையத் தூரம் அமுக்குவேன், வண்டி கொஞ்சம்தான் எழும்பும். அதனால்தான் என் அற்பப் பலமே போதும்!

கல்லை வண்டியோரம் உருட்டினேன். மரத்தின் நுனியில் முழு உடம்போடும் விழுந்தேன். வண்டி நாலு விரற்கடை எழுந்தது. ஏன்காரர் இருமிக்கொண்டே காலை உருவி, கரைக்கு ஊர்ந்தார்.

"வெளங்கிருச்சுங்களா?" என்றார்.

"வெளங்கிருச்சு" என்றேன்.

கால் எலும்பு முறிந்திருந்தது. அவரை முதுகில் சுமந்துகொண்டு பன்விலவுக்கு நடந்தேன். வழியெல்லாம் முனகினார். அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று, நானும் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன்.